மாடன் முன்னால் ஏறிப் போனவன்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இன்றைக்குத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் நல்லக்கண்ணு என்று பெயர் எழுதிய பஸ் போகாத ரோடு கிடையாது. குதிரைச் சாணம் அள்ளிய கையால் இத்தனையும் கட்டினேன். யாரும் என்னைத் தூக்கி விடவில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. என் கதையை எழுதச் சொல்லிப் பலர் கேட்டாயிற்று. என் கதையை ஊரே சொல்லும். முப்பிடாதியின் கதையைச் சொல்லத்தான் என்னை விட்டால் ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் சாரல் தொடங்கியதும் மலைமேல் தேயிலை, ரப்பர் தோட்டம் வைத்திருந்த துரைமார் குற்றாலத்துக்கு இறங்கி வருவார்கள். அருவியில் குளிக்க வருவதாகப் பேச்சு. வந்தவர்களுக்குச் சும்மா இருக்க முடியாது. ஒரு குதிரைப் பந்தயம் வைப்பார்கள். மட்டமான தரையில் ஓடுகிற பந்தயம் இல்லை. மண்சுவர், மூங்கில் படல், ஓடை, வாய்க்கால் என்று வழியில் என்ன உண்டோ அத்தனையையும் குதிரை தாண்டி ஓட வேண்டும். ஸ்டீப்பிள்சேஸ் என்பார்கள் அவர்கள். தாண்டுப் பந்தயம் என்போம் நாங்கள். பந்தயக் குதிரைகள் எல்லாம் சீசன் முழுக்கப் பெல்சர் துரையின் லாயத்தில்தான் கட்டிக் கிடக்கும். அந்த லாயத்துக்கு நான் தலைவன். என்னைக் கேட்காமல் ஒரு குதிரை கொள்ளு தின்னாது.

முப்பிடாதி மேலகரத்துக்காரன். எருமை மேய்த்துக்கொண்டிருந்தவனை நான்தான் லாயத்துக்குக் கூட்டி வந்தேன். ஆள் கோரைப்புல் மாதிரி இருப்பான். அவன் ஏறி உட்கார்ந்தது குதிரைக்கே தெரியாது. கடிக்கிற குதிரைகூட அவன் கைக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்துவிட்டுத் துரை அவனைச் செம்பி என்கிற செவலைப் பெட்டையின் மேல் ஏற்றிப் பந்தயத்தில் விட்டார்.

ஆனால் அவன் பயந்தவன். என் ஆயுசில் அப்படிப் பயந்த மனிதனை நான் பார்த்தது இல்லை. இடிக்குப் பயம், இருட்டுக்குப் பயம், தெருநாய்க்குப் பயம். அவன் பெண்சாதி ஆவுடைத்தாய் என்னிடம் வந்து முறையிடுவாள்.

"குதிரையில ஏறிச் சுவரு தாண்டுதாரு. வாசல்ல கோழி பறந்தா உள்ள ஓடியாறாரு. இந்தக் கூத்த நான் எங்க போய்ச் சொல்ல அண்ணாச்சி?"

பந்தயத்தன்று காலையில் அவன் வயிற்றில் கஞ்சி தங்காது. கால் நடுங்குவதால் சேணத்து அங்கவடியில் பாதத்தை நான்தான் பிடித்து வைக்க வேண்டும். கிளம்பியதும் எல்லோருக்கும் பின்னால் போவான். ஏன் என்று கேட்டால், "முன்னால போறவன் எங்கன விழுதான்னு பாத்துக்கிட்டா, நான் அங்கன விழ வேண்டாம்லா" என்பான். அப்படிப் போயே வருஷா வருஷம் எலும்பு முறியாமல் இரண்டாவதோ மூன்றாவதோ வந்து சேர்வான்.

அதுவரை எல்லாவற்றுக்கும் சமமாகப் பயந்துகொண்டிருந்தவனுக்கு, காஜா செத்த பிறகு ஒரே ஒரு பயம் பெரிதாகிவிட்டது.

காஜா தென்காசிக்காரர். சிரித்துக்கொண்டே குதிரை விடுவார். அவர் ஏறிய குதிரை படல் வரைக்கும் நாலுகால் பாய்ச்சலில் வந்தது. வந்த வேகத்தில் முன்னங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டது. குதிரை நின்றது, காஜா நிற்கவில்லை. படலுக்கு அந்தப் பக்கம் தலைகுப்புறப் போய் விழுந்து கழுத்து ஒடிந்தது. பின்னாலேயே வந்த முப்பிடாதி அதைப் பார்த்தான். ஒடிந்த சத்தத்தைக் கேட்டதாகவும் சொன்னான்.

"குதிரை விழுந்தா கூடச் சேந்து விழுவோம் அண்ணாச்சி. நின்னுச்சுன்னா நாம மட்டும்லா போறோம். காத்துல போகும்போது காஜா அண்ணன் கண்ணு என்னயப் பாத்துச்சு."

அதற்கு மறுவருஷம், முப்பத்து நாலில், வழக்கமாக ஓடுகிற பொட்டலைக் கார் பருவத்து நெல் நடவுக்கு உழுது தண்ணீர் பாய்ச்சிவிட்டார்கள். பந்தயப் பாதையை மாற்ற வேண்டி வந்தது. பெல்சர் துரை கையில் பிரம்போடு புதுப் பாதையை நடந்து காட்டினார். பின்னால் நானும் முப்பிடாதியும், இன்னொரு துரைக்குக் குதிரை விடுகிற செல்லப்பாவும் போனோம். ஓடை தாண்டி, தோப்பு தாண்டி, இலஞ்சிப் பக்கம் வாய்க்கால் கரைக்கு வந்ததும் துரை நின்றார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மூங்கில் படல் கட்டச் சொல்லி, படலையும் வாய்க்காலையும் ஒரே தாவாகத் தாவ வேண்டும் என்று பிரம்பால் காட்டினார். அந்தப் பக்கம் கரையில் கல்கட்டு.

முப்பிடாதி என் தோளைப் பிடித்தான். நகம் சட்டைக்குள் இறங்கியது.

படல் வரப்போகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இடது கைப் பக்கம், சுடலைமாடன் பீடம் நிற்கிறது. சுண்ணாம்பு அடித்த கல்தூண், வாடிய அரளி மாலை, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மணி கட்டிய வல்லய ஈட்டி. அந்தப் பீடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து மனிதன் எவனும் செருப்புக் காலோடு போக மாட்டான், வண்டியிலோ குதிரையிலோ ஏறியபடி போக மாட்டான். இறங்கி நடந்து, பீடம் கடந்து, பிறகு ஏறிக்கொள்வான். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. குற்றாலத்திலிருந்து தினமும் காலையில் குதிரைகளை நடை பழக்க நாங்கள் கூட்டிவருகிற பாதையும் அதுதான். பீடம் வந்ததும் இறங்குவோம். மூன்று சீசனாக இறங்கி இறங்கி, இப்போது நாங்கள் கடிவாள வாரை இழுக்காமலே செம்பி அந்த இடத்தில் நின்றுவிடும். அதைப் பார்த்து, குதிரைக்கே பக்தி வந்துவிட்டதென்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டது உண்டு.

துரை முன்னால் போனதும் முப்பிடாதி வாயைத் திறந்தான்.

"நின்னுரும் அண்ணாச்சி. பாய்ச்சல்ல வந்தாலும் இங்கன நின்னுரும். நான் அந்தக் கல்லுல போயி விழுவேன்."

"விழுந்து செத்துச் சாமியானா உனக்கு வேற பீடம் வேண்டாம்லே, இதுலயே பங்கு கேளு" என்றான் செல்லப்பா. அவனுக்கு எதுவும் விளையாட்டு.

"நீ எப்பிடிப் போவ?" என்று கேட்டான் முப்பிடாதி.

"ஏறித்தான் போவேன். பந்தயத்துல போறவன மாடன் கண்டுக்கிட மாட்டான். அவனுக்கும் வேடிக்கை பாக்கணும்லா."

துரையிடம் சொல்லலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். அதற்கும் பயம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாதையில் குறுக்கே இருக்கிறதென்று ஒரு நாகர் புற்றை வெளியூர் ஆட்களை விட்டு வெட்டி மட்டமாக்கியவர் அந்தத் துரை. பீடத்தால் குதிரை நிற்கும் என்று சொன்னால் பீடத்தை எடுத்துவிடுவார். பிறகு ஊரும் துரையும் வெட்டிக்கொள்வார்கள். நடுவில் லாயத்துக்காரர்கள் நாங்கள் சாவோம். சரி, செம்பியை இரண்டு மூன்று தடவை நிற்காமல் ஓட்டிப் பழக்கலாம் என்றால், பழக்குகிறவன் மாடன் முன்னால் ஏறிப் போக வேண்டும். அதற்கு முப்பிடாதி சாவதே மேல் என்பான்.

கடைசியில் மாடனிடமே உத்தரவு கேட்போம் என்று அவனைச் சங்கிலிப்பாண்டியிடம் கூட்டிப்போனேன். சங்கிலிப்பாண்டி மாடனுக்குச் சாமியாடுகிற கோமரத்தாடி. மற்ற நாளில் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை. உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியாக வந்து நின்று கேட்டார்.

"ஒரே ஒரு தடவை ஏறிப் போணும். அவ்வளவுதானலே?"

"ஆமா மாமா. துரை பந்தயம். என் இஷ்டம் இல்ல."

"பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா போ. செவப்பு வந்தா என்னயக் கேக்காத."

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து பீடத்தின் முன் போட்டார். கண்ணை மூடி ஒரு பொதியை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி. முப்பிடாதியின் முகத்தைப் பார்க்க எனக்கே என்னவோபோல் இருந்தது.

"இன்னொரு தடவை பாத்தா என்ன மாமா?" என்று நானே கேட்டேன்.

"மாடன் என்ன உங்க துரையாலே, திருப்பித் திருப்பிக் கேட்டா மனசு மாற?"

அப்புறம் நான் உட்கார்ந்து யோசித்தேன். படித்தவர்களுக்கு வராத யோசனை எல்லாம் எனக்கு வரும். இதுவும் அப்படித்தான். ஏறிப் போகக் கூடாது, நின்றால் தூக்கி எறியும். அப்படியானால் குதிரை நிற்பதற்கு முன்பே இறங்கிவிட வேண்டியதுதானே? ஓடுகிற குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்து, கூடவே ஓடி, பீடம் கடந்ததும் தாவி ஏறிவிட்டால் மாடனுக்கும் குற்றம் இல்லை, கழுத்துக்கும் சேதம் இல்லை. பந்தயம் போகும். போகட்டும். வேறொரு தோப்புப் பாதையில் அவனைப் பழக்கினேன். முழங்கால் தோல் உரிந்தது. ஒருமுறை செம்பி அவன் பாதத்தை மிதித்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டான். பந்தயத்துக்கு முதல்நாள் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு வட்டில் சோறு முழுதாகச் சாப்பிட்டான். ஆவுடைத்தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பந்தயத்தன்று சாரல் விடாமல் அடித்தது. ஐந்து குதிரை. பெல்சர் துரையும் இரண்டு வேறு துரைமாரும், செல்லப்பா, முப்பிடாதி. நான் அவனுடைய பாதத்தை அங்கவடியில் வைக்கக் குனிந்தேன். அவன் பாதத்தைத் திரும்பத் தரையில் ஊன்றிக்கொண்டான். அவன் வரிசையில் நின்ற மற்றக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி. எல்லாத்தையும் நாமதான நடத்திக் கூட்டிட்டு வந்தோம்."

"எதலே?"

"எல்லாக் குதிரையையும். அஞ்சும் நிக்கும்."

அவன் சொன்னது சரி. செம்பி மட்டுமா அந்த வழியாக வந்தது? லாயத்துக் குதிரை எல்லாம் தினமும் வந்தது. எல்லாக் குதிரையிலிருந்தும் எங்கள் ஆட்கள் அங்கேதான் இறங்கினார்கள். துரைமார் நடை பழக்க வந்ததே இல்லை, அவர்களுக்கு இது தெரியாது. தாவ வேண்டிய படலைக் குதிரைக்கு முன்கூட்டிக் காட்டக் கூடாது என்பது வேறு அவர்கள் சட்டம். முழுப் பாய்ச்சலில் வந்து முன்னால் இருப்பது ஊன்றி நின்றால் பின்னால் வருவது அதன்மேல் ஏறும். ஒரு காஜா இல்லை, நாலு காஜா.

அவன் வாரை என் கையில் கொடுத்துவிட்டுப் பெல்சர் துரையிடம் ஓடினான். சொல்ல வந்தது வாயில் வரவில்லை. பல் அடித்துக்கொண்டது. "துரை, வாய்க்கால்ல குதிரை நிக்கும் துரை. எல்லாக் குதிரையும் நிக்கும். போக வேண்டாம்" என்று மட்டும் வந்தது.

துரை சிரித்தார். கூட இருந்த துரைமாரிடம் இங்கிலீஷில் எதையோ சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். "முப்பிடாதி, எல்லா வருஷமும் நீ இதே கதை" என்று தமிழில் சொல்லி அவன் முதுகில் தட்டினார். "போ, ஏறு."

தினம் பயப்படுகிறவன் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் போய்ச் சொன்னேன். முப்பிடாதிக்காக நான் பேசுவதாக நினைத்துக்கொண்டு என்னையும் தட்டிக் கொடுத்தார். செல்லப்பாவிடம் சொன்னேன். "நிக்கட்டும் அண்ணாச்சி, நின்னா ஒரு பீடி குடிச்சுட்டுப் போவேன்" என்றான்.

திரும்பி வந்தபோது முப்பிடாதி தானாக ஏறி உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"பீடத்துக்கிட்ட போய் நில்லுங்க" என்றான். "யாரு விழுந்தாலும் தூக்க ஆள் வேணும்."

நான் குறுக்கு வழியில் வயல் வரப்பில் ஓடினேன். அப்போது என்னை ஓட்டத்தில் ஜெயிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பீடத்துக்கு எதிரே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். சாரலில் படல் நனைந்து கறுத்திருந்தது. அந்தப் பக்கத்துக் கல்கட்டில் தண்ணீர் வழிந்தது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. பிறகு தோப்புக்குள் குளம்புச் சத்தம் கேட்டது.

தோப்பை விட்டு முதலில் வெளியே வந்தது செம்பி.

என்னால் நம்ப முடியவில்லை. என்றைக்கும் எல்லோருக்கும் பின்னால் போகிறவன் முதலில் வருகிறான். அவனுக்குப் பின்னால் வாலைத் தொடுகிற தூரத்தில் துரைமார் மூன்று பேர். செல்லப்பா எங்கோ பின்தங்கிவிட்டான். இவன் இறங்கப் போகிறான், இறங்கினால் பின்னால் வருகிற மூன்றும் இவனை மிதித்துவிடும் என்று நான் நினைத்தேன். கையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

அவன் இறங்கவில்லை.

பீடம் கண்ணில் பட்டதும் செம்பியின் காது முன்னால் விறைத்தது. கழுத்து உயர்ந்தது. அடுத்த எட்டில் ஊன்றி நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது முப்பிடாதி சேணத்தை விட்டு எழுந்து, குதிரைக் கழுத்தின் மேல் அப்படியே படுத்து, இடது கையை நீட்டி அதன் இடது கண்ணைப் பொத்தினான். பீடம் அந்தப் பக்கம். குதிரைக்குப் பீடம் மறைந்தது. அவனுக்கு மறையவில்லை. முகத்தை அந்தப் பக்கமாகவே திருப்பிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து, மாடனைப் பார்த்தபடியே போனான். வாய் திறந்திருந்தது. ஏதோ சொன்னான். மழையில் எனக்குக் கேட்கவில்லை.

படலுக்கு ஒரு தாவு இருக்கும்போது கையை எடுத்தான். செம்பி எழும்பியது. படலும் வாய்க்காலும் அதன் வயிற்றுக்குக் கீழே போயின. முன்னால் ஒன்று தாவினால் பின்னால் வருவது தானும் தாவும், அது குதிரைக் குணம். துரைமாரின் குதிரைகள் மூன்றும் பீடத்தருகே ஒரு கணம் தடுமாறின. ஒன்று பக்கவாட்டில் சறுக்கியது. ஆனால் செம்பியின் வால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. மூன்றும் அதன் பின்னாலேயே எழும்பிப் போய்விட்டன.

செல்லப்பா தனியாக வந்தான். முன்னால் தாவிக் காட்ட ஆள் இல்லை. அவன் குதிரை பீடத்துக்கு நேரே வந்து, நாலு காலையும் ஊன்றி, ஆணி அடித்த மாதிரி நின்றது. செல்லப்பா அதன் தலைக்கு மேலே போனான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்லவேளை, படலில் மோதி உள்ளே வாய்க்கால் சேற்றில் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. நானும் வயலில் நின்ற ஆட்களும் தூக்கிக் கரையில் போட்டோம். அவன் குதிரை தலையைக் குனிந்துகொண்டு, யாராவது இறங்குவார்கள் என்று பீடத்தின் முன் நின்றுகொண்டே இருந்தது.

முப்பிடாதிதான் ஜெயித்தான். துரை அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கோப்பை கொடுக்கத் தேடியபோது ஆள் இல்லை. வெறுங்காலோடு பந்தயப் பாதையிலேயே திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தான். பீடத்தின் முன் சேற்றில் விழுந்து கும்பிட்டான். எழுப்பினால் எழவில்லை. நானும் இன்னொருவனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அன்றிலிருந்து அவன் எதிலும் ஏறவில்லை. லாயத்தில் கொள்ளு வைத்தான், தேய்த்துவிட்டான், குதிரையைக் கையில் பிடித்து நடத்தினான். சேணத்தில் கால் வைக்கவில்லை. துரை கெஞ்சினார், திட்டினார், விட்டுவிட்டார். ஆவுடைத்தாய்க்குக் காய்ச்சல் வந்தால் அவன் பீடத்துக்கு ஓடுவான். கூரையில் பல்லி விழுந்தால் ஓடுவான்.

ஆடிக் கடைசியில் மாடனுக்குக் கொடைத் திருவிழா வந்தது. மதியக் கொடைக்கு நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போனேன். மேளம் உச்சத்தில் இருந்தது. சங்கிலிப்பாண்டி மேல் சாமி இறங்கியிருந்தது. காளவாசல் ஆள் என்று சொல்ல முடியாத முகம். வல்லயத்து மணி குலுங்கக் குலுங்க வரிசையாகத் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தது. எங்கள் முன்னால் வந்து நின்றது. முப்பிடாதி யாரும் கேட்காமலே சொன்னான்.

"நாந்தான். ஏறிப் போனது நாந்தான்."

சாமி அவனைப் பார்த்தது. கண் இமைக்கவில்லை. பிறகு அவன் கையில் ஒரு சிட்டிகைத் திருநீற்றைப் போட்டது. அடுத்து, தோளில் கட்டோடு நின்ற செல்லப்பாவுக்கும் அதே மாதிரி ஒரு சிட்டிகை போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது.

"ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி" என்றான் முப்பிடாதி.

"திருநீறு தந்தாச்சுல்லா. பெறகு என்ன?"

"எல்லாத்துக்கும் தந்ததத்தான எனக்கும் தந்துச்சு. எனக்குன்னு ஒண்ணும் சொல்லலியே."

"உனக்குன்னு வச்சத எனக்குத் தந்தாச்சுலே" என்றான் செல்லப்பா. "இந்தக் கட்ட அவுத்துப் பாரு, உன் பேருதான் எழுதியிருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆவுடைத்தாய் அவன் கையைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். "பூசுங்க. வேர்த்து வேர்த்துக் கையிலயே சேறாப் போவுது."

பூசிக்கொண்டான். ஆனால் மனசு ஆறவில்லை. சாமி ஏதாவது கேட்டிருந்தால், தண்டனை போட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். துரைமார் போன பிறகு என் பஸ் ஷெட்டில் வேலைக்கு வந்தான். வண்டியைக் கழுவுவான், உள்ளே ஏறி உட்கார மாட்டான். வருஷா வருஷம் கொடைக்குப் போய் முன்வரிசையில் நின்றான். சங்கிலிப்பாண்டி செத்து, அவர் மகன் சாமியாட வந்தார். அவரும் திருநீற்றைக் கொடுத்துவிட்டுப் போனாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியில் முப்பிடாதி சொல்வான்: "இந்த வருசமும் சாமி ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி."

ஒவ்வொரு கொடையிலும் அவன் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். அவன் நிற்க மாட்டாமல் நடுங்குவான் என்று இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். அந்த நடுக்கம் என் கை வழியாக மேலே ஏறும். கலெக்டருக்கும் போலீசுக்கும் பயப்படாதவன் நான், இந்த ஊருக்கே தெரியும். ஆனாலும் மணி குலுங்கச் சாமி எங்கள் பக்கம் திரும்பும்போது, நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.